குரலுக்கும் வயதாகட்டும்

2025ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், பர்மிங்ஹாம் நகரின் வில்லா பார்க் கால்பந்து அரங்கில் ஓஸி ஆஸ்போர்ன் கடைசி முறையாகப் பாடினார். ஓர் அரியணையில் அமர்ந்தபடியே பாடினார். தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020இல் வெளியிட்டிருந்த அவரால் நின்று பாட இயலவில்லை. பிளாக் சாபத் குழுவின் தொடக்ககால நால்வரும் 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில் கூடியிருந்தனர். அதே பர்மிங்ஹாம் வட்டாரத்தில் முளைத்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவினர் அங்கே இல்லை. அன்றைய நாளிலேயே ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஸ்கார்ப்பியன்ஸ் குழுவின் 60ஆம் ஆண்டு விழாவில் வாசிக்க அவர்கள் முன்பே ஒப்புக்கொண்டிருந்தனர். கல்யாணத்துக்கு வர இயலாத உறவினர் மொய்யை முன்கூட்டியே கொடுத்தனுப்புவதுபோல, அவர்கள் ஒரு பாடலை அனுப்பிவைத்தனர். பிளாக் சாபத்தின் 1970ஆம் ஆண்டுப் பாடலான 'வார் பிக்ஸ்', 73 வயது ராப் ஹால்ஃபோர்டின் குரலில் வெளிவந்தது. வில்லா பார்க் நிகழ்ச்சி முடிந்த பதினேழாம் நாள் ஓஸி மறைந்தார்.

ஹார்ட் ராக் உலகின் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போருக்கு இத்தகைய அறிவிப்புகள் பழகிப்போனவை. எழுபதைக் கடந்த பாடகர் ஒருவர் புதிய சிங்கிள் வெளியிடுகிறார். இன்னொரு குழு, தன் இளமையில் கேட்ட பாடல்களைத் திரட்டிக் கவர் ஆல்பம் கொண்டுவருகிறது. மற்றொரு குழு, டிரம்ஸ் பதிவு முடிந்தது, குரல் பதிவு அடுத்த மாதம் என்று தகவல் தருகிறது. இவற்றுக்கு எழும் எதிர்வினைகளும் பெரும்பாலும் இரண்டே வகைக்குள் அடங்கிவிடுகின்றன. முதலாவது உருக்கம்: இந்த வயதிலும் பாடுகிறாரே! இரண்டாவது ஏளனம்: சொந்தச் சரக்குத் தீர்ந்துவிட்டது, ஊரார் பாட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உருகுவோரும் எள்ளுவோரும் பாடகரின் பிறந்த ஆண்டைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். பாடலைக் கேட்டதற்கான தடயம் இரு தரப்பிலும் குறைவு.

முதிர்ந்த கலைஞர்கள் பாடும் கவர் பாடல் படைப்பாற்றல் வற்றியதன் அடையாளம் என்ற எண்ணம் மறுபரிசீலனைக்கு உரியது. ஒரு மனிதக் குரலின்மேல் காலம் என்ன எழுதியிருக்கிறது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் பதிவுகள் மிகச் சிலவே. கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டென்றால், அந்த எழுத்தைத் துடைத்தழிக்க இப்போது நடந்துவரும் முயற்சிகளைத்தான் கண்டிக்க வேண்டும்.

முதலில் சொல்லைப் பற்றி. 'கவர்' என்ற சொல் வணிகத்தில் பிறந்தது. ஒரு நிறுவனத்தின் இசைத்தட்டு சந்தையில் ஓடத் தொடங்கியதும், போட்டி நிறுவனம் அதே பாடலை வேறொருவரைக் கொண்டு பாடவைத்துத் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். 1950களின் அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை வெள்ளைக் கலைஞர்கள் பாடி, அசலைப் பாடியோரைவிட அதிகம் ஈட்டிய வரலாறும் இச்சொல்லில் படிந்திருக்கிறது. எனவே ஐயத்தின் நிழல் இதன்மேல் விழுவதில் வியப்பில்லை. தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. மறுபாடல், மீள்பாடல் என்ற முயற்சிகள் உண்டெனினும் பேச்சில் கவர்தான் நிற்கிறது. சொல் இல்லாமற் போனதற்குக் காரணமும் உண்டு. தியாகராஜரின் கீர்த்தனையைப் பாடும் வித்வானை எவரும் கவர் பாடகர் என்று சொல்வதில்லை. அங்கே பாடுவதென்றாலே முன்னோர் பாடியதைப் பாடுவதுதான். வேறுபாடு தேவைப்படாத இடத்தில் சொல்லும் பிறப்பதில்லை.

ஆனால் இந்தியாவில் கவர் என்றதும் முகஞ்சுளிப்போர் வேறு இரண்டு நினைவுகளைச் சுமந்துகொண்டிருக்கின்றனர். ஒன்று கேசட் காலம். 1980களில் டி-சீரிஸ் நிறுவனம், பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்த ஒரு வழியைப் பயன்படுத்திப் பழைய இந்தித் திரைப்பாடல்களைப் புதுப் பாடகர்களைக் கொண்டு பதிவுசெய்து, மலிவான ஒலிநாடாக்களாகச் சந்தையில் குவித்தது. பீட்டர் மேனுவல் 1993இல் வெளியிட்ட கேசட் பண்பாடு குறித்த நூல் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. மற்றொன்று கல்லூரி விழா மேடை. மும்பையில் 1986இல் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் முதலாக வளாகங்கள்தோறும் நடந்த போட்டிகள்வரை, டீப் பர்ப்பிளையும் அயர்ன் மெய்டனையும் அச்சுப் பிசகாமல் வாசிப்பதே திறமை என்று கருதப்பட்ட காலம் நெடுங்காலம் நீடித்தது. அந்தப் பிடியிலிருந்து விடுபடவே ராக் மெஷின் போன்ற குழுக்கள் சொந்தப் பாடல் என்பதை ஒரு கொள்கையாகவே ஏற்றன. அந்தப் போராட்டம் நியாயமானது. ஆயினும் 20 வயது மாணவர் டீப் பர்ப்பிளை அப்படியே வாசிப்பதும், 76 வயது இயன் கில்லன் தம் பதின்பருவத்தில் வானொலியில் கேட்டதைப் பாடுவதும் ஒன்றாகிவிடாது. முதலாவது பயிற்சி. இரண்டாவதைப் பயிற்சி என்று சொல்ல முடியுமா?

சட்டமும் இந்த வேறுபாட்டை அறியாது. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே கவர் பதிவுக்கு இடமளிக்கிறது. ஆண்டொன்றுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமத்தொகை செலுத்த வேண்டும். இது கவர் என்று உறைமேல் எழுத வேண்டும். இவையெல்லாம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பாதுகாப்பு, குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் அதே பிரிவு, உரிமையாளர் ஒப்புதலின்றியோ தொழில்நுட்பத் தேவையின்றியோ பாடலில் மாற்றம் செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. சட்டத்தின் கண்ணுக்குப் பாடல் என்பது சொல்லும் மெட்டும். ஒரு சொல்லையும் மாற்றாமல், ஒரு சுரத்தையும் மாற்றாமல், தொண்டை மட்டும் மாறியதால் பாடலே மாறிப்போகும் நிலையைச் சட்டம் கற்பனை செய்திருக்கவில்லை. அதைக் கற்பனை செய்ய வேண்டியவர்கள் ஆய்வாளர்கள்.

ஹார்ட் ராக் என்ற வகைமையே பிறர் பாடலைப் பாடி வளர்ந்தது என்பதை ஏளனம் செய்வோர் மறந்துவிடுகின்றனர். டீப் பர்ப்பிள் குழுவுக்கு 1968இல் முதல் வெற்றியைத் தந்த 'ஹஷ்' ஜோ சவுத் எழுதியது. அதற்கு முன் ஆண்டே பில்லி ஜோ ராயல் பாடி வெளியானது. ஜூடாஸ் பிரீஸ்ட் 1977இல் பதிவுசெய்த 'டயமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்' நாட்டுப்புறப் பாடகி ஜோன் பேயஸின் பாடல். அக்குழுவின் இன்னொரு பதிவான 'பெட்டர் பை யூ, பெட்டர் தேன் மீ' ஸ்பூக்கி டூத் குழுவிடமிருந்து வந்தது. 1990இல் அமெரிக்காவின் ரீனோ நகர நீதிமன்றத்தில், இரண்டு இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டும் மறைசொல் பாட்டில் இருந்தது என்று ஜூடாஸ் பிரீஸ்ட்மீது வழக்கு நடந்தது இப்பாடலுக்காகத்தான். குற்றக்கூண்டுக்கு வந்த பாடல் அவர்களுடையதே அல்ல என்பது இசை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. தீர்ப்பு குழுவுக்குச் சாதகமாக அமைந்தது.

இந்தப் பின்னணியில் டீப் பர்ப்பிள் 2021 நவம்பரில் வெளியிட்ட 'டர்னிங் டு கிரைம்' தொகுப்பை அணுக வேண்டும். முழுக்க முழுக்கப் பிறர் பாடல்கள். பெருந்தொற்றுக் காலத்தில் குழுவினர் அவரவர் இடத்திலிருந்தே தத்தம் பகுதியைப் பதிவுசெய்தனுப்ப, தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் மேற்பார்வையில் அது உருவானது. குற்றத்தில் இறங்கிவிட்டோம் என்ற தலைப்பும், காவல்நிலையத்தில் எடுத்த கைதிகளின் படங்களைப்போன்ற அட்டையும், திருட்டுப் பழியைத் தாமே சிரித்துக்கொண்டு ஏற்பதாக அமைந்தன. பெரும்பாலான விமர்சனங்கள் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துவிட்டன.

அத்தொகுப்பில் 'தி பேட்டில் ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' என்ற பாடல் இருக்கிறது. 1815ஆம் ஆண்டுப் போரொன்றின் நினைவாக வழங்கிவந்த வயலின் மெட்டுக்கு, ஜிம்மி டிரிஃப்ட்வுட் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்கள் வரலாற்றை விரும்பிப் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொற்களை எழுதினார். 1959இல் ஜானி ஹார்ட்டன் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு லோனி டோனகன் பாடிப் பிரிட்டன் முழுதும் பரவியது. டோனகனைக் கேட்டுக் கிட்டாரைக் கையில் எடுத்த பிரிட்டிஷ் தலைமுறையைச் சேர்ந்தவர்கள்தாம் பின்னாளில் ஹார்ட் ராக்கைச் சமைத்தவர்கள். வயலின் மெட்டு, வகுப்பறைப் பாட்டு, நாட்டுப்புற வெற்றி, ஸ்கிஃபிள், கடைசியில் எழுபதைக் கடந்த ஹார்ட் ராக் கலைஞர்கள். இந்தச் சங்கிலியில் எதை அசல் என்று பிடித்துக்கொள்வது? ஆல்பர்ட் லார்டு 1960இல் வெளியிட்ட வாய்மொழிக் காவியங்கள் பற்றிய நூலில், யூகோஸ்லாவியப் பாடகர்களிடையே அசல் வடிவம் என்ற கருத்துக்கே இடமில்லை என்று வாதிட்டார். ஒவ்வொரு முறை பாடும்போதும் அதுவே பாடல். நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் இதை முதலாண்டிலேயே படித்துவிடுகின்றனர். படித்ததை மின்கிட்டாருக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் தயக்கம்.

மொழியியல் பக்கமிருந்து பார்த்தால் இத்தகைய பதிவுகளின் மதிப்பு இன்னும் துலங்குகிறது. ஒருவரின் உச்சரிப்பு வாழ்நாளில் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிவது கடினம். அதே மனிதரை அதே சூழலில் பல பத்தாண்டு இடைவெளியில் பதிவுசெய்திருக்க வேண்டும். அத்தகைய தரவு அரிது. 2000ஆம் ஆண்டில் ஜொனாதன் ஹாரிங்டனும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு எலிசபெத் அரசியின் கிறிஸ்துமஸ் உரைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே வகை உரை. 1950களின் உரைகளையும் 1980களின் உரைகளையும் ஒப்பிட்டு, அரசியின் உயிரொலிகள்கூடத் தம் குடிமக்களில் இளையோரின் பேச்சை நோக்கி நகர்ந்திருந்ததைக் காட்டினர். பின்னர் அலிஸ்டர் குக் பிபிசி வானொலியில் 1946 முதல் 2004 வரை ஆற்றிய உரைகளும், முதுமையில் குரல் மாறும் விதத்தை அறிய ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

50 ஆண்டுகளாக ஒரே பாடலைப் பாடிவரும் ஹார்ட் ராக் பாடகர் இத்தகைய தரவை வழிநெடுக விட்டுச்சென்றிருக்கிறார். ஹால்ஃபோர்டின் 'டயமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்' நல்ல எடுத்துக்காட்டு. 1977இல் விரைவும் உறுமலுமாக ஒலித்த அப்பாடலை, நடுவயதைக் கடந்த பின் அவர் வேகம் தணித்து, மின்னிசை தவிர்த்த கிட்டாரோடு பாடத் தொடங்கினார். எழுத்துப் பிரதி ஒன்றே; இரண்டையும் ஒரே பாடல் என்று சொல்லக் காது மறுக்கிறது. 25 வயதில் வெறும் சவடாலாக ஒலித்த பிரிவுத் துயரம், ஐம்பதுக்குப் பின் நினைவாக ஒலிக்கிறது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் பாடபேதம் காட்டியதுபோல இதையும் காட்ட வேண்டும். எந்தப் பாடமும் மற்றதை ரத்து செய்வதில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். பாடுவது பேசுவதாகுமா? ஆகாதுதான். பீட்டர் டிரட்ஜில் 1983இலேயே, பிரிட்டிஷ் பாப் பாடகர்கள் பாடும்போது அமெரிக்க உச்சரிப்பை மேற்கொள்வதை எடுத்துக்காட்டி, பாடற்குரல் பூண்டுகொள்ளும் வேடம் என்று நிறுவினார். பேட்டியில் பர்மிங்ஹாம் வட்டாரப் பேச்சில் புரளும் ஓஸி, பாட்டில் வேறொருவராகிவிடுவதை எவரும் கேட்டறியலாம். ஆகவே பாடல் பதிவுகளை வைத்துப் பேச்சுமொழி மாற்றத்தை அளக்க முனைவது பிழை. ஆனால் வேடம் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது, உடல் தளரும்போது வேடத்தின் எந்த மூலை முதலில் கிழிகிறது என்பதும் ஓர் ஆய்வுப்பொருள். அதற்கு இவற்றைவிடச் சிறந்த சான்று இல்லை.

உடலைப் பற்றிச் சொல்லாமல் இவ்வகைமையைப் பேசவே முடியாது. டோனி அயோமி 17 வயதில், தகரப் பட்டறை எந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார்; மெல்லிய தந்திகளைப் பூட்டினார்; பின்னர் தந்திகளின் இறுக்கம் குறையும்படி சுருதியையும் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த, தடித்த ஒலியிலிருந்துதான் ஹெவி மெட்டல் என்று பின்னர் பெயர்பெற்ற ஓசை உருவானது. டெஃப் லெப்பர்ட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று நேர்ந்த கார் விபத்தில் இடக்கையை இழந்தார். கால்களால் இயக்கும் மின்னணுக் கருவியை வடிவமைத்துக்கொண்டு 1987இன் 'ஹிஸ்டீரியா'வில் வாசித்தார். காயம்பட்ட உடல் தன் குறைக்கேற்ப ஒலியை வளைத்துக்கொண்டதே இவ்வகைமையின் வரலாறு. விரலுக்கு அளித்த சலுகையைத் தொண்டைக்கு மறுப்பது என்ன நியாயம்?

முதுமையில் குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது. குரல்நாண்கள் மெலிந்து, முழுதாக மூடிக்கொள்ளாமல் மூச்சு கசிகிறது. உச்சத்தில் நிலைத்து நிற்கும் வலிமை போகிறது. கர்நாடக இசையில் வயது ஏற ஏற அரைக் கட்டை, ஒரு கட்டை என்று சுருதியைக் குறைத்துக்கொள்ளும் வித்வானை எந்த ரசிகரும் குற்றம் சொல்வதில்லை; அன்றைக்கு அவர் எடுத்த பைரவியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். ஹார்ட் ராக்கில் மட்டும் அரைச் சுரம் இறக்கினால் அடுத்த நாளே ஒப்பீட்டுக் காணொளி வந்துவிடுகிறது. கில்லன் 1970இன் 'சைல்டு இன் டைம்' பாடலை 2002க்குப் பிறகு மேடையில் பாடுவதில்லை. அப்பாடலின் ஓலங்கள் இனித் தம்மால் இயலாதவை என்பதை ஏற்றுக்கொண்டு அவர் அதை இறக்கிவைத்தார். அது தோல்வி எனப்பட்டது. நேர்மை என்று சொன்னவர்கள் குறைவு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. 2012இல் டெஃப் லெப்பர்ட் தம் பழைய வெற்றிப் பாடல்களான 'போர் சம் ஷுகர் ஆன் மீ', 'ராக் ஆஃப் ஏஜஸ்' இரண்டையும் புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டது. இணையத் தரவிறக்கத்துக்கான ஊதியம் பற்றி இசைநிறுவனத்தோடு எழுந்த பிணக்கே காரணம். பழைய ஒலிப்பதிவின் உரிமை நிறுவனத்திடம். பாடலை மீண்டும் பதிவுசெய்யும் உரிமை குழுவிடம். எனவே பழையதைப்போலவே ஒலிக்கும் புதியதொன்றை உருவாக்கினர். பாடகர் ஜோ எலியட் அவற்றைப் போலிகள் என்றே வெளிப்படையாகக் குறிப்பிட்டார். ஐம்பதைக் கடந்தவர் தம் இருபதுகளின் குரலைத் தாமே போலிசெய்ய வேண்டியிருந்தது. உழைத்தவர் கூலி கேட்பதில் தவறில்லை. அந்தப் பிணக்கில் நியாயம் கலைஞர் பக்கமே சாய்கிறது. இருப்பினும் அப்பதிவுகளின் இலட்சியம் வேறுபாடு தெரியாதிருப்பதுதான். 25 ஆண்டுகள் கழிந்த சுவடே தெரியக்கூடாது. அதே குழு 2006இல் 'யெஹ்!' என்ற தொகுப்பில் தம் இளமைக்கால நாயகர்களின் பாடல்களைப் பாடியது. பிறர் பாடலைப் பாடியபோது அவர்கள் அவர்களாக இருந்தனர். சொந்தப் பாடலைப் பாடியபோதுதான் போலிகளாயினர்.

ஆகவே அசல், கவர் என்ற பழைய பிரிவினை இங்கே பயன்படாது. காலத்தைக் கேட்கவிடும் பதிவா, மறைக்கும் பதிவா என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. இன்று மறைக்கும் கருவிகள் பெருகிவிட்டன. சுருதி பிசகினால் மென்பொருள் திருத்திக் கொடுக்கிறது. கிஸ் குழு 2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சியின் முடிவில், இனி மேடையில் தம் இடத்தில் எண்ணிமப் பதுமைகள் தோன்றும் என்று அறிவித்தது. மூப்பற்ற, சுருக்கமற்ற, மூச்சு வாங்காத பதுமைகள். 25 வயதுக் குரல் அப்படியே இருக்கிறது என்று முதியவரைப் புகழும் விமர்சகர்கள் இதற்கு வழி அமைத்துக் கொடுத்தவர்கள். அப்படியே இருப்பதுதான் சிறப்பு என்றால், அதைப் பதுமை மனிதரைவிட நன்றாகச் செய்யும்.

ஒலிப்பதிவுத் தகவல் என்ற அந்தச் சின்னஞ்சிறு செய்தி வடிவத்தையும் கொஞ்சம் கவனிக்கலாம். அதன் வினைகள் பெரும்பாலும் நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலுமே அமைகின்றன. பதிவு நடந்துகொண்டிருக்கிறது, குரல் சேர்க்கப்படும், விரைவில் வெளிவரும். மருத்துவமனை வாசலில் வாசிக்கப்படும் உடல்நல அறிக்கையின் நடை இது. சொல்லவருவது ஆள் நலமாக இருக்கிறார் என்பதே. புதிய என்ற அடைமொழியும் இங்கே நம்பத்தகாதது. ஏசி டிசி குழு 2020 நவம்பரில் வெளியிட்ட 'பவர் அப்' புதிய ஆல்பம்தான். ஆனால் அதன் பாடல்கள் ஆங்கஸ் யங்கும், 2017இல் மறைந்த அண்ணன் மால்கமும் முன்பே சேர்ந்து உருவாக்கிவைத்திருந்த ரிஃப்களிலிருந்து எழுந்தவை. இறந்தவரின் கைவேலையைப் புதிய பாடல் என்றும், உயிரோடிருப்பவரின் இன்றைய குரலைப் பழைய பாடல் என்றும் சொல்லும் வகைப்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது.

எல்லாக் கவர் பாடல்களும் போற்றத்தக்கவை என்பதல்ல வாதம். ஒப்பந்தக் கணக்கை முடிக்கவும், பண்டிகைக்கால விற்பனைக்காகவும் வெளிவரும் பதிவுகள் ஏராளம். அஞ்சலித் தொகுப்புகளில் பாதிக்கு மேல் அஞ்சலியும் இல்லை, இசையும் இல்லை. அவற்றை மறந்துவிடலாம். ஆனால் 2015இல் மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி, டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாடலைப் பதிவுசெய்தார். அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று, 70 வயது நிறைந்த நான்காம் நாள், அவர் இறந்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, போவியும் போய்ச் சேர்ந்தார். பதிவு 2017இல்தான் வெளியானது. போவியிடம் எக்காளமாக எழும் அந்தப் பாடல், லெம்மியின் சரளைக்கல் குரலில் தரையை விட்டு எழவே மறுக்கிறது. ஒரு நாளைக்கு மட்டும் என்ற அதன் கருத்து அங்கே கணக்குப் போட்டுச் சொன்னதுபோல ஒலிக்கிறது. இதை எந்தச் சொந்தப் பாடலில் அவர் சொல்லியிருக்க முடியும்?

இன்னோர் எடுத்துக்காட்டு, கொஞ்சம் வேடிக்கையானது. டயமண்ட் ஹெட் என்ற இங்கிலாந்துக் குழு 1980இல் ஒரு தொகுப்பு வெளியிட்டுப் பெரிதாக எழாமல் போனது. அதன் 'ஆம் ஐ ஈவில்' பாடலை மெட்டாலிகா 1984இல் பதிவுசெய்து உலகெங்கும் கொண்டுபோனது. பலரும் அதை மெட்டாலிகாவின் பாடலென்றே எண்ணினர். 2020இல் டயமண்ட் ஹெட் அந்த முதல் தொகுப்பை முழுதாக மறுபதிவு செய்தபோது, கூடவே மெட்டாலிகாவின் 'நோ ரிமோர்ஸ்' பாடலையும் பாடியது. மாணவர் ஆசிரியரைப் பாட, 36 ஆண்டுகள் கழித்து ஆசிரியர் மாணவரைப் பாடுகிறார்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஊடகவியல், பண்பாட்டு ஆய்வு, மொழியியல் துறைகளில் இசை பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் பாடல் வரிகளோடு நின்றுவிடுகின்றன. வரிகளைத் தட்டச்சு செய்து பின்னிணைப்பில் சேர்ப்பது எளிது. மூச்சைத் தட்டச்சு செய்ய முடியாது. பிராட் என்ற இலவச மென்பொருளைக் கையாளத் தெரிந்த ஒலியியல் மாணவர் ஒவ்வொரு துறையிலும் இருக்கின்றனர். ஒரே பாடகரின் ஒரே பாடலை நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டு உயிரொலிகளையும் சுருதியையும் அளப்பது ஒரு பருவ ஆய்வுத் திட்டத்துக்குள் அடங்கும் வேலைதான். பின்னணி இசையிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பதில் சிக்கல்கள் உண்டு. எந்தப் பதிவில் சுருதித் திருத்தம் நுழைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். திருத்தப்படாத பதிவுகள் அருகிவருவதால் இந்த வேலைக்கு அவசரமும் உண்டு.

ஆவணக் காப்பகப் பட்டியலில் கலைஞர் பெயருக்கு ஒரு கட்டமும், அசலா கவரா என்பதற்கு ஒரு கட்டமும் இருக்கும். 2025 செப்டம்பரில் 'வார் பிக்ஸ்' மீண்டும் ஒரு முறை வெளிவந்தது, அறப்பணிக்கான வடிவமாக. ஜூடாஸ் பிரீஸ்ட் வாசிக்க, ஹால்ஃபோர்டின் குரலோடு ஓஸியின் குரலும் அதில் இருக்கிறது. 55 ஆண்டுகளுக்கு முன் அப்பாடலை முதலில் பாடியவர், இறந்து இரண்டு மாதங்களுக்குப் பின், பிறர் பாடும் கவரில் விருந்தினராக வருகிறார். வருவாய் பார்க்கின்சன் நோய் தொடர்பான இரண்டு அமைப்புகளுக்குப் போகிறது. அவற்றுள் ஒன்று, அதே நோயால் முழுநேர மேடை வாழ்வைக் கைவிட நேர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ட் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டனின் பெயரில் இயங்குவது. இந்தப் பதிவுக்கு அந்த இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்பதைப் பட்டியல் தயாரிப்பவர் தம் பொறுப்பில் முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான்.